பல் டாக்டர் எழுதாத பாராட்டு

அத்தியாயம் 6

பியானோ தானாக நடந்து போகவில்லை என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் குடியிருப்போர் சங்கத்தில் கருத்து வேற்றுமை கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

மூன்றாம் மாடியில், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போனவர்களின் பியானோ அது. அதற்கு முன்னால் ஐந்தாம் மாடிச் சாப்பாட்டு மேசை. அதற்கும் முன்னால் ஒரு தையல் மெஷின். மூன்றும் பட்டப்பகலில் வாடகை வேனில் ஏறி, வாசல் காவலாளி சல்யூட் அடிக்க, மரியாதையாக வெளியேறியிருந்தன. காவலாளியைக் குறை சொல்ல முடியாது. சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. ஒரு பொருள் வெளியே போக வேண்டுமென்றால் அதில் விண்ணப்பம் போட வேண்டும். செயலாளர், பொருளாளர், துணைத்தலைவி ஆகிய மூவரில் ஒருவர் அனுமதி தர வேண்டும். தந்தால் காவலாளியின் போனில் பச்சை எரியும். பச்சை எரிந்துவிட்டால் அவர் யானையைக்கூடத் தடவிக் கொடுத்து அனுப்பிவைப்பார்.

மூன்று முறையும் பச்சை எரிந்தது. அனுமதி தந்தவர் என்ற இடத்தில் மூன்று முறையும் செயலாளர் என்றே இருந்தது.

தான் தரவில்லை என்று செயலாளர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அப்படியென்றால் அவருடைய வேஷத்தில் உள்ளே நுழையத் தெரிந்தவன் ஒருவன்தான். அந்த வலைத்தளத்தைக் கூலியில்லாமல் கட்டிக் கொடுத்த அவருடைய சொந்த அக்கா மகன். அன்று மாலைக் கூட்டத்தில் அவனைப் போலீசில் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அக்கா தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். மருமகன் கடைசி நம்பிக்கையாக அண்ணியைத் தேடிப் போனான்.

அண்ணிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருமான வரிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். துப்பறியும் தொழிலில் அவருக்கு உதவியாக இருந்தவர் கணவரின் தம்பி. அவர் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில், வழக்கு கொண்டு வருகிற கட்சிக்காரர்களும் போலீஸ்காரர்களும், ஒருமுறை விலங்கு மாட்டிக்கொண்டிருந்த கொலைகாரனும்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். பதிலுக்கு அவர் எல்லாருக்கும் கொழுந்தன் ஆகிவிட்டார். அதில் கொழுந்தனுக்கு வருத்தமில்லை. கொலைகாரன் உறவு கொண்டாடியபோது மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

அவர்கள் இருவரும் மருமகனோடு சங்க அறைக்குள் நுழைந்தபோது, செயலாளர் தன் மேசையில் இருந்தார். பொருளாளர் ஒரு மூலையில் போலீசுக்கான மனுவை ரசித்து ரசித்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சுவரில் ஆணி வரிசை. வெளியூர் போனவர்களின் சாவிகள் அதில் தொங்கின.

"சாவி இப்படித்தான் தொங்குமா?" என்றார் கொழுந்தன்.

"வேற எப்படித் தொங்கும்? தலைகீழாவா?" என்றார் பொருளாளர்.

அப்போது ஒரு தோளில் ஆபீஸ் பையும் ஒரு கையில் பூவாளியுமாக ஒருவர் வந்தார். துணைத்தலைவியின் கணவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் செடிகளுக்கெல்லாம் ஆபீஸ் போகிற வழியில் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம். அதனால் செடி மாமா. ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு, தயங்கி, செயலாளரைப் பார்த்தார்.

"பாவம் சார் பையன். போலீஸ் வரைக்கும் போக வேண்டாமே."

"நீங்க செடியைப் பாருங்க," என்றார் செயலாளர். செடி மாமா தலையாட்டிவிட்டுப் போனார்.

அண்ணி செயலாளரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"ஜனங்களோட புகாரைப் பார்ப்பேன்."

மருமகன் இருமினான்.

"சரிடா. முதல்ல பாராட்டைப் பார்ப்பேன்."

"பாராட்டா?"

"புகார்ப் பெட்டி இருந்தா பாராட்டுப் பெட்டியும் இருக்கணுமில்ல? நியாயம்னு ஒண்ணு இருக்கே."

"இப்ப ஒரு அனுமதி குடுத்துக் காட்டுங்க. சும்மா, ஒரு சைக்கிளுக்கு."

செயலாளர் கணினியின் முன் அமர்ந்தார். வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினார். அது பருந்து போலத் திரையின் மேல் வட்டமிட்டது. அனுமதிப் பொத்தான் எங்கே என்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்த காபியில் ஆடை படிந்தது. கடைசியில் எதையோ அழுத்தினார். பிரிண்டர் அலறிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது.

"இவர் பொத்தானைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பியானோ வாசிக்கவே கத்துக்கலாம்," என்று கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னார்.

அண்ணி சிரிக்கவில்லை. மருமகனைப் பார்த்தார். "பியானோ போன அன்னைக்கு இவர் எப்ப பக்கத்தைத் திறந்தார், எப்ப அனுமதி விழுந்ததுன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

மருமகன் எதையோ தட்டினான். நெற்றி சுருங்கியது. "பாராட்டுப் பக்கத்தைத் திறந்த அதே நொடியில விழுந்திருக்கு அண்ணி. மேசைக்கும் அப்படித்தான். மெஷினுக்கும் அப்படித்தான்."

"அதே நொடியில. இவரு."

எல்லோரும் செயலாளரின் விரலைப் பார்த்தார்கள். அவர் அதை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டார்.

"அப்ப இது மனுஷ விரல் இல்ல," என்றார் அண்ணி.

"பேயா?" என்றார் பொருளாளர், தட்டச்சை நிறுத்தி.

"பேய்க்கு எதுக்குங்க சாப்பாட்டு மேசை?" என்றார் கொழுந்தன். பொருளாளர் மனுவை நகலெடுக்க வெளியே கிளம்பினார்.

மருமகன்தான் விளக்கினான். வலைத்தளத்தில் ஜனங்கள் எழுதுகிற எந்தப் பெட்டியும் ஆபத்துதான். "லிஃப்ட் ஓடலைன்னு எழுதிட்டு, அதோட சேர்த்து கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியற பாஷையில, 'இதைப் படிக்கிறவர் பேர்ல இன்ன அனுமதியைக் குடு'ன்னு ஒரு கட்டளையைச் சொருகிடலாம். படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆனா அவரோட கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். நம்ம ஐயாதான் சொல்றார்னு நெனச்சு செஞ்சு முடிச்சுடும்."

"என் பொண்டாட்டி இப்படித்தான் என் வாயாலேயே என்னைச் சம்மதிக்க வைப்பா," என்றார் கொழுந்தன். "புடவைக் கடை வாசல்ல போய் நின்னாத்தான் எனக்கே தெரியும்."

"அதுக்குத்தான் எல்லாப் பெட்டிக்கும் வடிகட்டி போட்டிருக்கேன்," என்றான் மருமகன் ரோஷத்தோடு. "எழுத்து எழுத்தா மட்டும்தான் உள்ள வரும், கட்டளையா வராது. வீட்டு எண், போன் நம்பர், விருந்தாளி பேரு, நாய் பேரு. எல்லாத்துக்கும்."

"நாய் பேருக்குக்கூடவா?"

"நாய் பேர்லதான் நெறைய பேர் விளையாடுவாங்க."

"பாராட்டுக்கு?" என்றார் அண்ணி.



"பாராட்டுக்கு மாமா வேண்டாம்னுட்டார்," என்றான் மருமகன், தரையைப் பார்த்து.

"வடிகட்டினா கலர் போயிடும்னு இவன்தான் சொன்னான்!" என்று செயலாளர் எழுந்தார். "ஜனங்க ஆசை ஆசையா சிவப்புல எழுதறாங்க. எழுத்து மினுக் மினுக்குன்னு மின்னுது. சுத்தி பூ பறக்குது. அதைப் போய் வடிகட்டுடான்னு எப்படிங்க சொல்றது?"

"பாஸ்வேர்டும் கேக்காது," என்றான் மருமகன். "யாரு வேணும்னாலும், யார் பேர்ல வேணும்னாலும் எழுதலாம்."

"பாராட்ட வந்தவனை வாசல்ல நிக்க வச்சு, நீ யாருடான்னா கேக்க முடியும்?"

கொழுந்தன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். உலகத்தில் திருடனுக்கு வாசலைத் திறந்து வைத்தவர்கள் உண்டு. வாசலுக்குத் தோரணம் கட்டி, பூத்தூவி வைத்தவரை அவர் அன்றுதான் பார்த்தார்.

மருமகன் பியானோ போன நாளின் பாராட்டை, முன்பக்கமாகத் திறக்காமல், அதன் உள்வயிற்றைப் பிரித்துப் பார்த்தான். மேலே சிவப்பு எழுத்துக்கான வாசகம்: "தங்கள் நிர்வாகத்தில் தண்ணீர்த் தொட்டிகூடப் புன்னகைக்கிறது. இவண், பல் டாக்டர், இரண்டாம் மாடி." அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுருக்கமான ஒரு கட்டளை. பியானோ விண்ணப்பத்துக்கு அனுமதி.

"இதை நான் வீட்ல வாசிச்சுக் காட்டினேன்," என்றார் செயலாளர் பலவீனமாக. "கண் கலங்கிடுச்சு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அன்று காலையும் பல் டாக்டர் பெயரில் புதிதாக ஒரு பாராட்டு வந்து, திறக்கப்படாமல் காத்திருந்தது. கூடவே, நான்காம் மாடி அலமாரி ஒன்று வெளியே போக விண்ணப்பமும் காத்திருந்தது.

"இன்னைக்கு நீங்க பாராட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது," என்று அண்ணி செயலாளரிடம் சொன்னார். செயலாளரின் முகம், விருந்தில் இலை போட்டபின் எழுப்பிவிடப்பட்டவர் முகம் போல ஆனது.

இரண்டாம் மாடியில் பல் டாக்டர் கொழுந்தனைக் கண்டதும் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்க வைத்துவிட்டார். வந்த காரியத்தைச் சொல்ல அவகாசமே தரவில்லை. அண்ணிதான் கேட்டார்.

"செயலாளரைப் பாராட்டி எழுதினீங்களா?"

டாக்டர் கையிலிருந்த கருவியை ஆத்திரத்தோடு ஆட்டினார். அது கொழுந்தனின் கடைவாய்க்குள் இருந்தது.

"நானா? அவனையா? என் போர்டைக் கழட்டி லிஃப்ட் ரூம்ல போட்டு வச்சிருக்கான். பில்டிங்கோட அழகு கெடுதாம். அவனைப் பாராட்டறதுக்கு முன்னாடி என் பல்லை நானே, மரத்துப்போற ஊசி போடாம, ஒவ்வொண்ணா பிடுங்கிப் போட்டுடுவேன்."

"இந்த விரோதம் எல்லாருக்கும் தெரியுமா?"

"பில்டிங்ல இருக்கிற பல்லிக்குக்கூடத் தெரியும். வெளியில இருந்து வர்ற பேஷண்டுக்குத்தான் தெரியாது. இவருக்கு ரெண்டு பல்லு சொத்தை."

கொழுந்தனுக்கு இதற்குச் சொல்ல நல்ல பதில் ஒன்று இருந்தது. வாய் காலியாக இல்லாததால் அது உலகத்துக்குக் கிடைக்காமலே போயிற்று.

படியிறங்கும்போது அண்ணி சொன்னார். "வெளியாள் எழுதல தம்பி. வெளியாளா இருந்தா ஏதோ ஒரு பேரைப் போட்டிருப்பான். விரோதியோட பேரைத் தேடிப் போட்டிருக்கான். விரோதி பாராட்டினா யாரு திறக்காம இருப்பாங்க?"

"நானா இருந்தா பிரேம் போட்டு மாட்டுவேன்."

"ஆக, உள்ள இருக்கற ஆள். இப்ப யோசிங்க. அந்தப் பாராட்டைச் சாதாரண ஆள் திறந்தா ஒண்ணும் ஆகாது. அனுமதி குடுக்கற அதிகாரம் இருக்கற மூணு பேர்ல யாரு திறந்தாலும், அடுத்தடுத்து திறந்தாலும், அவங்கவங்க பேர்ல அனுமதி விழும். இது யாருக்குத் தெரியும்?"

"காலையில அறையில இருந்த நம்மளையும் செயலாளரையும் விட்டா, எழுதினவனுக்கு மட்டும்தான்." கொழுந்தன் நின்றார். "அப்ப எழுதினவன் மட்டும் திறக்க மாட்டான். சமைச்சவரே தொடாத சாப்பாடு மாதிரி."

"அவ்வளவுதான். கூட்டத்துல மூணு பேரையும் திறக்கச் சொல்லப் போறேன்."

"ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

"பொருளாளர்."

"தடயம்?"

"முகம்."

"அண்ணி, முகமெல்லாம் ஒரு தடயமா?"

"இல்ல. அதனாலதான் இந்தச் சோதனை."

மாலைக் கூட்டத்துக்குப் போவதற்குள் மருமகன் அந்தப் புதுப் பாராட்டின் விஷப்பல்லைப் பிடுங்கி வைத்திருந்தான். திறந்தால் பூ பறக்கும், எழுத்து மின்னும், வேறொன்றும் நடக்காது. அது அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் அவனுக்கும், இனி திறக்கலாம் என்று காதில் சொல்லப்பட்ட செயலாளருக்கும் மட்டும் தெரியும்.

சங்க அறை நிரம்பியிருந்தது. பல் டாக்டர் பின்வரிசையில், அண்ணி கேட்டுக்கொண்டபடி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்களுக்கு அவர் ஒருநாளும் தராத சலுகை அது. பொருளாளர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மருமகன் கதவோரம் நின்றான். அவனுக்கு நாற்காலி போட வேண்டுமா என்பது பற்றிச் சங்கத்தில் கருத்து வேற்றுமை இருந்தது.

அண்ணி எழுந்தார். "போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல விஷயம். பல் டாக்டர் இன்னைக்கு ஒரு பாராட்டு எழுதியிருக்கார். பொறுப்பாளர்கள் மூணு பேரும் அவங்கவங்க போன்ல திறந்து, எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்."

கூட்டம் முணுமுணுத்தது. கொழுந்தன் பொருளாளரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செயலாளர் முதலில் திறந்தார். திறப்பதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்தவரைப் போல வாசித்தார். "தாங்கள் நடந்து வந்தால் வராந்தா விளக்குகள் தாமாகவே…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது பொருளாளர். ஒரு கையால் கொட்டாவியை மறைத்துக்கொண்டு மறுகையால் தட்டினார். "வராந்தா விளக்கு தானா எரியுதாம். எரியல. நானே மூணு தடவை இருட்டுல இடிச்சுக்கிட்டேன். அடுத்தது யாரு?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார்.

மிஞ்சியவர் துணைத்தலைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். இந்தக் கட்டடத்தில் அவரை யாரும் டீச்சர் என்று தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை. அவர் திரும்பாமலே பின்னால் கையை நீட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த செடி மாமா பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். பிறகு கண்ணாடியைக் கொடுத்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாராட்டைத் திறக்க விரலை வைக்கப் போனார்.

"தொடாதே!"

செடி மாமா எழுந்து நின்றிருந்தார். அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருப்பது கூட்டத்துக்கு அன்றுதான் தெரிந்தது. அவருக்கும்தான்.

"என்னங்க?" என்றார் டீச்சர்.

"உன் பேர்ல பதிவாயிடும்."

"எது?"

"நாலாம் மாடி அலமாரி…" என்றவர் நிறுத்தினார். ஆனால் வாக்கியம் ஏற்கெனவே வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினது நான்தான்."

அண்ணி கொழுந்தனின் பக்கம் சாய்ந்தார். "பொருளாளர்னு நான் சொன்னதை வெளியில சொல்லிடாதீங்க."

"வேலை போய் வருஷம் ஒண்ணாச்சு," என்றார் செடி மாமா, மனைவியிடம் மட்டும் பேசுவது போல.

"தினமும் பையை மாட்டிக்கிட்டு எங்க போறீங்க?"

"பார்க்குக்கு."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"உட்காருவேன். செடி நெறைய இருக்கு."

அண்ணி மெதுவாகக் கேட்டார். "டீச்சரோட போன் எப்பவும் உங்க பையிலதானே இருக்கு. அதுல ஒரு தட்டு தட்டியிருந்தா போதுமே. எதுக்கு இவ்வளவு சுத்து வழி?"

செடி மாமா அவரை வினோதமாகப் பார்த்தார். "அது எப்படிங்க? அவ பேராச்சே."

செயலாளருக்கு அப்போதுதான் கோபம் வந்து சேர்ந்தது. "அப்ப என் பேரு மட்டும் தெருவுல கெடக்குதா? இந்த ஓட்டையை எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"கம்பெனிகளோட வலைத்தளத்துல எங்க ஓட்டை இருக்குன்னு பார்த்துச் சொல்றதுதான் சார் என் வேலையா இருந்துச்சு. இங்கயும் பார்த்தேன். உங்ககிட்ட சொன்னேனே."

"எங்கிட்டயா? எப்ப?"

"புகார்ப் பெட்டியில போட்டேன். பாராட்டுப் பெட்டியை வடிகட்டுங்க, இல்லேன்னா யாரு வேணும்னாலும் உங்க பேர்ல அனுமதி குடுத்துக்கலாம்னு விவரமா எழுதினேன். மறுநாளே 'தீர்க்கப்பட்டது'ன்னு பதில் வந்துச்சு. சரிதான், தீர்த்துட்டாங்கன்னு போய்ப் பார்த்தேன். தீரல."

எல்லாக் கண்களும் செயலாளரிடம் திரும்பின.

"நான் எல்லாப் புகாருக்கும் அப்படித்தான் போடுவேன்," என்றார் அவர்.

டீச்சர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போனில் காத்திருந்த விண்ணப்பங்களைத் திறந்தார். நான்காம் மாடி அலமாரியைக் கண்டுபிடித்தார். நிராகரி என்ற பொத்தானை அழுத்தினார். வாசலில் காவலாளியின் போன் கீச்சென்று கத்தியது, அறைவரை கேட்டது.

"இது என் பேர்ல பதிவாகட்டும்," என்றார். பிறகு கணவரின் தோளிலிருந்து ஆபீஸ் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க. ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். பியானோ எங்கன்னு போற வழியில சொல்லுங்க. மேசை, மெஷின், எல்லாம். ஒண்ணுவிடாம."

அவர்கள் போன பிறகு, யாரும் சொல்லாமலே ஒருவர் மருமகனுக்கு நாற்காலி போட்டார். பொருளாளர் சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்து, பெயரை மாற்றினால் போதுமா என்று யோசித்து, பிறகு கிழித்தார். நல்ல தமிழில் எழுதிய மனு. அவருக்கு மனசே இல்லை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "டேய். அந்தப் பெட்டியை… மூடிடறியா?"

"மூட வேண்டாம் மாமா. வடிகட்டி போட்டுடறேன். பாராட்டு வரும். கலர்தான் வராது."

"வராட்டிப் போகுது." மேசையிலிருந்த தாள்களை அடுக்கினார். "உங்கம்மாகிட்ட நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க."

மருமகன் தன் போனில் அம்மாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தான். மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

"அக்கா," என்றார் செயலாளர்.

அதற்குமேல் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. போனிலிருந்து வந்த குரல் அறையின் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. பெற்ற பிள்ளையைத் திருடன் என்றதில் தொடங்கியது. சின்ன வயதில் அவரைத் தூக்கி வளர்த்த கதைக்குப் போயிற்று. கல்யாணத்தில் மரியாதை குறைந்த விஷயத்துக்கு வந்து, மறுபடி பிள்ளைக்கே திரும்பியது. செயலாளர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். நடுவே குறுக்கிடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு புகாரை அவர் கடைசிவரை கேட்டதைச் சங்கம் அன்றுதான் பார்த்தது.